கூரைக்கு மேலே ஒரு கட்டணம்

காலை 11 மணிக்குத் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி மொட்டைமாடிக்கு ஏறிப் பாருங்கள். சோலார் தகட்டை விரலால் தொட்டால் தூசியும் பஞ்சும் அப்பிக்கொள்ளும். ஒருவர் ஈரத் துணியோடு வரிசை வரிசையாகத் துடைத்துக்கொண்டிருப்பார். கீழே பவர் டேபிள்கள் ஓடும் சத்தம். வெயில் உச்சிக்கு ஏறும் நேரமும் வேலை மும்முரமாகும் நேரமும் ஒன்றாக இருப்பது இந்த ஊருக்குக் கிடைத்த வரம். காற்றாலையில் அன்றே துணிந்து பணம் போட்ட பகுதி இது. வெயிலை நம்பச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

2024இல் உலக மின்சாரத்தில் சூரியனின் பங்கு சுமார் 7 சதவீதம். இந்தியாவிலும் ஏறத்தாழ அதே அளவுதான். இந்தப் பங்கு கமுதி போன்ற பெரிய சோலார் பூங்காக்களால் மட்டும் வளர்ந்துவிடாது, ஜாப் ஒர்க் செய்யும் சின்னக் கூரைகளும் சேர வேண்டும். ஆனால் சொந்தக் கூரையில் எடுத்து, மின்வாரியக் கம்பியைத் தொடாமல் அங்கேயே செலவழிக்கும் யூனிட்டுக்கும் நெட்வொர்க் கட்டணம் கேட்டால் எவர் கடன் வாங்கித் தகடு மாட்டுவார்? 2023 செப்டம்பர் 25 அன்று சிறுதொழில் கூடங்கள் கதவடைத்துப் போராடியபோது இந்தக் குமுறலும் அதில் இருந்தது. பிறகு அரசு சிறு, குறு நிறுவனங்களுக்கு இந்த நெட்வொர்க் கட்டணத்தைப் பாதியாகக் குறைத்தது. நல்லதுதான். ஆனால் மீதிப் பாதிக்கும் நியாயம் இல்லை. வாரியத்தின் கம்பிக்குள் போகும் யூனிட்டுக்குக் கட்டணம் வாங்கட்டும். கூரையிலிருந்து தையல் மெஷினுக்கு நேராக இறங்குவதை விட்டுவிட வேண்டும்.