செடியை எண்ணும் ஆட்சி உழவனையும் எண்ணுக!

எண்ணுதல் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. தொகை அறிதல் ஒன்று. நினைந்து பார்த்தல் மற்றொன்று. முன்னதை மட்டும் செய்து பின்னதை மறந்த ஆட்சி எவ்வாறு தடுமாறும் என்பதற்குக் கலிபோர்னியா மாநிலத்தின் கஞ்சாக் கணக்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

அம்மாநிலம் 1996இல் மருத்துவத்திற்கெனக் கஞ்சாவை ஒப்பியது. 2016 நவம்பரில் நடந்த மக்கள் வாக்கெடுப்பு, அகவை 21 நிறைந்தோர் அனைவரும் நுகரலாம் என்றாக்கியது. 2018 சனவரியில் உரிமக் கடைகள் திறந்தன. மயக்கப் பொருளை ஒப்பியது சரியா, தவறா என்பது தனி வழக்கு. ஒப்பிய பின் அதனைக் கட்டுக்குள் வைத்தல் ஆட்சியின் கடன். அதனை மறுப்பார் எவருமிலர். அக்கட்டு யாரை இறுக்குகிறது, யாரை நழுவ விடுகிறது என்பதே வினா.

கணக்கின் கடுமையைப் பாருங்கள். பூக்கும் பருவத்துச் செடி ஒவ்வொன்றிலும் தனியெண் பொறித்த வில்லை தொங்குதல் வேண்டும். இளங்கன்றுகளாயின் நூறு வரை ஒரு தொகுதிக்கு ஒரு வில்லை. அறுத்த எடை, கழிவின் எடை, கட்டிய பொதி, ஏற்றிய வண்டி ஆகிய யாவும் 24 மணி நேரத்திற்குள் கணிப்பொறியில் பதியப்பெறல் வேண்டும். மாநிலத்தின் இவ்வேற்பாடு வருமுன்னரே, 2016இல், வடகோடியிலுள்ள அம்போல்ட்டு மாவட்ட ஆட்சி விளைவிடம் காட்டும் முத்திரை ஒன்றை முன்னோட்டமாக நடத்திப் பார்த்தது.

இத்துணையும் மலைச்சரிவில் கால் ஏக்கர் பயிரிடும் உழவனும் செய்தாக வேண்டும். வரியோ அவனை இருபுறமும் நெருக்கியது. அதே 2016இல் அம்போல்ட்டு மாவட்டம் வரி விதித்தது. திறந்தவெளிப் பயிருக்குச் சதுர அடிக்கு 1 தாலர், கலப்பொளிப் பயிருக்கு 2, உள்ளறைப் பயிருக்கு 3. விளைந்ததா, விற்றதா என்ற கேள்வியே இல்லை. நிலத்தின் அளவுதான் கணக்கு. மாநிலமோ உலர்ந்த பூவுக்கு, ஓர் அவுன்சுக்கு, 9.25 தாலர் தண்டியது. 2021இல் சந்தை விலை சரிந்தது, வரி சரிந்ததா? 2022 சனவரியில் 10.08 தாலராக ஏறியது! அவ்வாண்டு சூலை முதல் நாளில்தான் அவ்வரி நீங்கிற்று. அதற்குள் நொடித்தவர்க்கு யார் விடை சொல்வார்?

இனி, நழுவியோரைப் பாருங்கள். பெரும்பண்ணைக்கு 2023 வரை உரிமம் இல்லை என்பது மக்களுக்குத் தரப்பட்ட வாக்குறுதி. 2017 நவம்பரில் வெளியான விதிகளோ, ஒருவரே சிறு உரிமங்கள் எத்தனையும் வாங்கி அடுக்கிக் கொள்ளலாம் எனக் கதவைத் திறந்து விட்டன. தென்பால் சாந்தா பார்பரா மாவட்டத்தில் சிறு உரிமங்கள் அடுக்கடுக்காய்க் குவிந்து பெரும்பண்ணைகள் எழுந்தன. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை இதுவன்றோ? அங்கு வரியோ நிலத்தளவில் இல்லை. விற்ற வருவாயில் 4 விழுக்காடு. ஏழை உழவனுக்கு அடிக்கணக்கு. பெருமுதலாளிக்கு வருவாய்க் கணக்கு! செடி தவறாமல் எண்ணப்பட்டது; செடிக்குடையவன் யார் என்பது எண்ணப்படவில்லை.

உரிமமின்றிப் பயிரிட்டு ஓடைநீரை உறிஞ்சுவோரை விட்டுவிடலாமா என்பர் சிலர். விடலாகாது. ஆனால் அம்போல்ட்டு ஆட்சி அவர்களைத் தேடிய முறை யாது? செயற்கைக்கோள் படங்களை வைத்து அறிவிக்கை விடுத்தது. நாளொன்றுக்குப் பல்லாயிரம் தாலர் ஒறுப்புத் தொகை என அச்சுறுத்தியது. முன்னிருந்தவர் செய்த குற்றம் தம் தலையில் ஏற்றப்பட்டதென முறையிட்டு, அவ்வூரார் சிலர் 2022இல் வழக்குத் தொடுத்தனர். கீழ்மன்றம் தள்ளிய அவ்வழக்குக்கு 2024 திசம்பரில் மேல்முறையீட்டு மன்றம் மீண்டும் உயிர் கொடுத்தது. கண்ணாற் காண்பதும் பொய், தீர உசாவுதலே மெய் என்பது நம் முதுமொழி. வானத்துக் கண் காண்பது மட்டும் எங்ஙனம் மெய்யாகிவிடும்?

வேறு வழியே இல்லையா? உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில் வங்காளத்து நவுகான் பகுதி உழவர் உரிமம் பெற்றே கஞ்சா விளைத்தனர். விளைந்தது அரசின் கண்காணிப்பிலிருந்த கிடங்குக்கு வந்தது. கருவூலத்தை நிரப்பவே வெள்ளையர் அக்கணக்கை வைத்தனர். ஆயினும் அவ்வுழவர் 1917இல் கூட்டுறவுக் கழகம் கண்டு தம் விளைச்சலைத் தாமே ஒன்றுபட்டு விற்றனர். ஈட்டத்தின் ஒரு பகுதியால் பள்ளிகளும் மருத்துவச் சாலைகளும் நடத்தினர். அடிமை நாட்டு உழவர்க்கு இயன்றது, செல்வம் கொழிக்கும் நாட்டில் இயலாதா?

உள்ளாட்சிகள் செய்ய வேண்டுவன நான்கு. உரிமத்திற்கு வரம்பு கட்டாது, உரிமம் உடையவனுக்கு வரம்பு கட்டுக. நிலத்தை அளந்து தண்டாது, விற்றதை அளந்து தண்டுக. ஆள் சென்று நேரில் உசாவாமல் எவர்க்கும் ஒறுப்பு அறிவிக்கை விடாதொழிக. சிறு உழவர் கூடிக் கணக்கு வைக்கவும் கூடி விற்கவும் வழி செய்க.

பயிரைக் காக்கவே வேலி. அவ்வேலி எளியவனின் காலை மட்டும் கிழித்து வலியவனுக்கு வாயில் திறக்குமாயின், அது வேலியன்று, கண்ணி!