பாகற்காய்த் தூளும் கிளினிக் மாத்திரையும்



சம்பளம் போட்ட மறுநாள் லயத்து வாசலில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நிற்கிறது. "அண்ணே, இனிப்பு நீருக்குக் கைகண்ட மருந்து. பாகற்காய், நாவல் கொட்டை, சிறுகுறிஞ்சான், வெந்தயம் எல்லாம் போட்டு அரைச்சது. மூணே டப்பா. அப்புறம் மாத்திரையத் தூக்கிப் போட்டுடலாம்." டப்பா 60 வெள்ளி!

பாகற்காய் மேல் எனக்குக் கோபம் இல்லை. பாட்டி காலத்திலிருந்து குழம்பு வைத்துச் சாப்பிடுகிறோம். மூலிகை எல்லாமே ஏமாற்று என்றும் சொல்ல மாட்டேன். கிளினிக்கில் கொடுக்கிற மெட்ஃபார்மின் மாத்திரையே ஒரு செடியின் சத்தை ஆராயப் போய்க் கிடைத்ததுதான். பாகற்காயையும் ஆராய்ந்திருக்கிறார்கள். சில ஆய்வில் சீனி கொஞ்சம் இறங்கியது, சிலதில் இறங்கவே இல்லை. மாத்திரைக்குப் பதிலாக அதை நம்பலாம் என்று யாரும் நிரூபிக்கவில்லை.

என் பெரியப்பா நம்பினார். முப்பது வருஷம் பால்மரம் வெட்டியவர். தூளை நம்பி ஒரு வருஷம் மாத்திரையைத் தொடவில்லை. பூட்ஸுக்குள் கிடந்த கல் குத்தியதுகூட அவருக்குத் தெரியவில்லை. கால் அவ்வளவு மரத்துப் போயிருந்தது. புண் புரையோடி, முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

"எனக்கு இரண்டே நாள்ல இறங்கிடுச்சே" என்பவர்களும் உண்டு. அதைக் கேட்டால்தான் எனக்கு இன்னும் பயம். 2008இல் சிங்கப்பூரில் இனிப்பு நீரே இல்லாத சுமார் 150 பேர், சீனி திடீரென்று இறங்கி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். 4 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் ரத்தத்தில் கிளிபென்கிளமைட் என்ற இனிப்பு நீர் மருந்து இருந்தது. போலி ஆண்மை மருந்திலும் மூலிகை மருந்திலும் அதைக் களவாகக் கலந்திருந்தார்கள். உங்கள் டப்பாவில் என்ன இருக்கிறது என்று யார் கண்டது? மால் பதிவு எண் இருக்கிறதா என்றாவது பாருங்கள். எண் இருந்தாலும், இனிப்பு நீரைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்ய நம் நாட்டின் 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் இடம் கொடுக்கவில்லை.

தூள் சாப்பிட்டே தீருவேன் என்றால் டப்பாவை டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையும் தூளும் சேர்ந்து, வெறும் வயிற்றோடு விடியற்காலை காட்டுக்குப் போய், கை நடுங்கி, வேர்த்து விழுந்தால் அங்கே தூக்க ஆளிருக்காது.

ஆனால் தூள்காரனை மட்டும் திட்டி என்ன பயன்? அரசாங்கக் கிளினிக்கில் 1 வெள்ளிதான், சரி. பஸ் பிடித்துப் போய், எண் வாங்கி, ரத்தம் கொடுத்து, மருந்து எடுத்துத் திரும்பினால் பொழுது சாய்ந்துவிடும். கையில் கிடைப்பது டைம் சிலிப்பு, எம்.சி. கிடையாது. அன்றைய கூலி போச்சு! தூள்காரன் வீட்டுக்கே வருகிறான், தமிழில் பேசுகிறான், பத்து நிமிஷம் உட்கார்ந்து கேட்கிறான். நம் ஆள் யாரிடம் போவான்?

இனிப்பு நீர்க்காரர்களுக்குக் கிளினிக் நாளில் கூலி வெட்டக்கூடாது என்று அடுத்த சம்பள ஒப்பந்தப் பேச்சில் சங்கம் கேட்க வேண்டும். தலைவர்களே, கேட்பீர்களா?