க்வெட்ச் என்றொரு சொல்

கனடாவில் இருக்கும் என் மாமியின் மூத்த மகள் கிழமைக்கு ஒருமுறை வட்சப்பில் பேசுவார். சென்ற தவணைப் பரீட்சை முடிந்த கையோடு அவர் அழைத்தபோது, வினாத்தாள் கடினம், வெயில் அதைவிடக் கடினம், வகுப்பில் மின்விசிறி சுற்றவில்லை என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். மறுமுனையில் ராத்தா சிரித்துவிட்டு, "டோன்ட் க்வெட்ச்" என்றார். எனக்கு 'கம்ப்ளைன்' தெரியும், 'கிரம்பிள்' தெரியும். தேசிக்காயைக் கையில் பிடித்து நசுக்கியதுபோல் ஒலிக்கும் இந்தச் சொல் புதிது.

அகராதியைப் பார்த்தேன். காது சொன்னது சரிதான். யித்திஷ் மொழியில் 'க்வெட்ச்சன்' என்றால் பிழிதல், அழுத்துதல். குறைகூறிக்கொண்டே இருப்பதற்கும் அதே சொல். பிழிவதற்கும் முறையிடுவதற்கும் என்ன தொடர்பு என்று தமிழ் தெரிந்தவர்கள் கேட்கவேண்டியதில்லை. நாங்களும் 'பிழியப் பிழிய அழுதாள்' என்றுதானே சொல்கிறோம்?

மறுநாள் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு தோழி முகம் சுளித்தாள். "அது யூதர்களுடைய சொல். எங்களுக்கு எதற்கு?" என்றாள். பலஸ்தீனத்தில் நடப்பதைப் பார்த்துக் கொதிக்கும் மனதுக்கு அந்தக் கேள்வி இயல்பானது. என் மனமும் அப்படித்தான் கொதிக்கிறது. ஆகவே அவளுடைய கேள்வியை நான் சிரித்துத் தள்ளவில்லை. ஆனால் அன்று வகுப்பில் சொல்ல முடியாமல் போன பதிலை இங்கே எழுதுகிறேன்.

யித்திஷ் என்பது கிழக்கு ஐரோப்பாவின் யூதர்கள் வீட்டிலும் சந்தையிலும் பேசிய மொழி. அடிப்படை ஜெர்மன், அதிலே ஹீப்ரு, ஸ்லாவிய மொழிச் சொற்கள் கலந்திருக்கும், எழுதுவது ஹீப்ரு எழுத்தில். இதைப் படித்தபோது எனக்கு அறபுத் தமிழ்தான் ஞாபகம் வந்தது. என் உம்மும்மாவின் தாயார் தமிழ் எழுத்து அறியாதவர். ஆனால் அறபு எழுத்தில் எழுதிய தமிழ்க் கிதாபுகளைச் சரளமாக வாசிப்பாராம். பேசுவது ஊர்மொழி, எழுத்து மட்டும் வேதத்தின் எழுத்து. அவர்களும் எங்களைப் போலவே செய்திருக்கிறார்கள். இஸ்ரேல் உருவானபோது அந்த அரசு ஹீப்ருவையே முன்னிறுத்தி யித்திஷை ஒதுக்கி வைத்தது என்பதையும் தோழிக்குச் சொல்லவேண்டும். அதைப் பேசியவர்களில் மிகப் பலர் அதற்கு முன்பே ஹிட்லரின் ஆட்சியில் கொல்லப்பட்டுவிட்டார்கள். ஓர் அரசு செய்யும் அநியாயத்துக்கு, அந்த அரசே விரும்பாத ஒரு மொழியின் சொல்லை நாம் தண்டிப்பானேன்?

ஆனால் என்னை உண்மையில் உறுத்துவது வேறொன்று. இன்றைய ஆங்கிலத்தில் 'க்வெட்ச்' ஒரு கேலிச்சொல். ஒருவர் வாயைத் திறந்ததும் அவரை அடைப்பதற்குப் பயன்படும் மூடி. அமெரிக்காவில் நகைச்சுவை மேடைகளிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் பரவியதாலோ என்னவோ, அதைக் கேட்டவுடன் சிரிப்பு வருகிறது. அந்தச் சொல்லைக் கப்பலில் கொண்டுபோனவர்களின் வாழ்க்கையில் சிரிப்பு அவ்வளவாக இருக்கவில்லை.

1881 முதல் 1924 வரை சுமார் 20 லட்சம் யூதர்கள் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா போனார்கள். நியூயோர்க்கின் கீழ்க் கிழக்குப் பகுதியில் காற்றில்லாத அறைகளில் நெருக்கியடித்துக்கொண்டு குடியிருந்தார்கள். அங்கே 'ஃபோர்வெர்ட்ஸ்' என்ற யித்திஷ் நாளிதழ் வெளிவந்தது. அதில் 1906 இல் 'பின்டெல் பிரீஃப்', அதாவது 'கடிதக் கட்டு' என்றொரு பகுதி தொடங்கியது. கணவன் விட்டுப்போன பெண், வேலை இழந்த தகப்பன், பிள்ளை சொல் கேட்பதில்லை என்று அழும் தாய், எல்லோரும் எழுதினார்கள். பத்திரிகை அவற்றை அச்சிட்டுப் பதிலும் சொன்னது. ஒரு சமூகமே தன் முறைப்பாடுகளை உட்கார்ந்து கேட்டது. இன்று 'கேலி' என்று கருதப்படும் அந்தப் புறுபுறுப்பு அங்கே நாளிதழில் அச்சேறும் அளவுக்கு மதிப்புப் பெற்றிருந்தது.

அங்கே தையல் கடைகளில் வேலை செய்த பெண் பிள்ளைகள் பலர் எங்கள் வயதுக்காரர்கள். ஊசிக்கும் நூலுக்கும்கூட அவர்களுடைய கூலியில் வெட்டுவார்கள். வெளியே போகும்போது பையைச் சோதிப்பார்கள். 1909 நவம்பர் 22 இல் கூப்பர் யூனியன் மண்டபத்தில் ஒரு கூட்டம். பெரியவர்கள் இரண்டு மணிநேரம் நிதானம் நிதானம் என்று பேசினார்கள். 23 வயதான கிளாரா லெம்லிக் என்ற தையல்காரி மேடையேறி, யித்திஷிலே, பேச்சுக் கேட்டது போதும், வேலைநிறுத்தத்தைத் தொடங்குவோம் என்றாள். சுமார் இருபதாயிரம் பேர், பெரும்பாலும் பெண்கள், வேலையை விட்டு வெளியேறினார்கள். பல கடைகள் இறங்கிவந்தன. ட்ரையாங்கிள் என்ற தொழிற்சாலை தொழிற்சங்கத்தை ஏற்கவில்லை. 1911 மார்ச் 25 இல் அங்கே தீப்பிடித்தது. ஒன்பதாம் மாடியின் ஒரு கதவு பூட்டியிருந்தது. 146 பேர் இறந்தார்கள்.

பூட்டிய கதவைப் பற்றி அதற்கு முன்பு எத்தனை பேர் புறுபுறுத்திருப்பார்கள்? அவர்களிடம் எத்தனை பேர் 'எந்நேரமும் மூக்கால் அழாதே' என்றிருப்பார்கள்? எங்கள் நாட்டில் ஆடைத் தொழிற்சாலைகளுக்கு விடியலில் பஸ் ஏறும் பெண்களைப் பார்க்கும்போது இது எனக்குச் சும்மா ஒரு பழைய கதையாகத் தெரிவதில்லை.

பெற்றோரும் இதை வாசிப்பீர்கள் என்பதால் துணிந்து ஒன்று சொல்கிறேன். வீட்டில் ஆண் பிள்ளை குறை சொன்னால் அது அபிப்பிராயம். பெண் பிள்ளை சொன்னால் அது சிணுங்கல். உம்மா சமையலறையிலே தனக்குள் பேசிக்கொண்டால் அது 'புறுபுறுப்பு'. அவர் என்ன சொல்கிறார் என்று யாரும் கேட்பதில்லை. (வாப்பா இதை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிடுவார் என்று எனக்குத் தெரியும்.) எல்லாப் புறுபுறுப்பும் நியாயமானது என்று நான் வாதாடவில்லை. அன்று ராத்தாவிடம் நான் கொட்டியதில் முக்கால்வாசி வெறும் சோம்பல். ஆனாலும் அந்த மின்விசிறி உண்மையிலேயே வேலை செய்யவில்லை. ஆறு வாரமாக.

அதனால் 'க்வெட்ச்' என்ற சொல்லை நான் பயன்படுத்தத்தான் போகிறேன், என்னைப் பற்றிச் சொல்வதற்கு மட்டும். தன் புலம்பலைத் தானே கிண்டல் செய்வதில் ஒரு அழகு இருக்கிறது. இன்னொருத்தி தன் கஷ்டத்தைச் சொல்ல வாயெடுக்கும்போது அந்தச் சொல்லை அவள்மேல் எறிவது வேறு விஷயம். தோழிக்கும் இதைத்தான் சொன்னேன். அவள் பாதி ஒப்புக்கொண்டாள்.

போன கிழமை ராத்தா அழைத்தபோது அங்கே பனி. பஸ் வரவில்லையாம், சப்பாத்துக்குள் தண்ணீராம், கறிவேப்பிலை விலை கேட்டால் மயக்கம் வருகிறதாம். 'டோன்ட் க்வெட்ச்' என்று சொல்ல நாக்கு துடித்தது. சொல்லவில்லை. கால் மணிநேரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "சரி ராத்தா, இனி என்ட முறை" என்று வெயிலைப் பற்றி ஆரம்பித்தேன்.