டொக்டரின் நாவு



"மகன் டொக்டராகிவிட்டான், இன்னும் என்ன இங்கிலீஷ் சோதினை ஹஸரத்?" என்று ஓர் உம்மா என்னிடம் அலுத்துக்கொண்டார். பிரித்தானியாவிலோ அவுஸ்திரேலியாவிலோ பதிவு பெற அந்த மகன் எழுதவிருப்பது ஓ.ஈ.டி. என்னும் பரீட்சை.

அதன் பேச்சுப் பகுதி சுமார் 20 நிமிடங்கள். ஓர் அட்டையைத் தருவார்கள். வாசிக்க 3 நிமிடம், பேச 5 நிமிடம். இப்படி இரண்டு தடவை. எதிரே இருப்பவர் நோயாளியாகவோ பிள்ளையைக் கொண்டுவந்த தாயாகவோ நடிப்பார். பயப்படுவார், மருந்து வேண்டாமென்பார். புள்ளியிடுபவர் அவரல்லர், ஒலிப்பதிவைக் கேட்கும் வேறு இருவர். மருத்துவ அறிவுக்கு அங்கே புள்ளியே இல்லை! உச்சரிப்புக்கும் இலக்கணத்துக்கும் உண்டு. 2018 முதல், குறுக்கிடாமல் கேட்டாரா, நோயாளியின் அச்சத்தை விசாரித்தாரா, சொன்னது விளங்கியதா என்று கேட்டாரா என்பதற்கும் உண்டு. மூஸா நபி (அலை) தம் நாவின் முடிச்சு அவிழ வேண்டுமென்று இறைஞ்சியதும் மக்கள் விளங்கிக்கொள்வதற்காகத்தானே?

மகன் வகுப்புக்குப் போய் ஆறுதல் வசனங்களை மனனம் செய்கிறாராம். "உங்கள் சீனி வருத்தத்தைப் பற்றி அவரிடமே கேட்டுப் பாருங்கள்" என்றேன். அடுத்த வாரம் உம்மா வந்தார். "நல்லாத்தான் சொன்னான் ஹஸரத். எனக்கு விளங்கிச்சா எண்டு மட்டும் கேக்கல்ல."