பதுக்கியவர் யார்? தைத்துக் கொடுத்தவர் யார்?

2020 மார்ச். கொரோனா பீதியில் நாடே நடுங்கிய நேரம். முகக்கவசம் கடைகளில் கிடைக்கவில்லை. கிடைத்த இடத்தில் விலை எகிறியது. மார்ச் 13-ல் மத்திய அரசு அதை அத்தியாவசியப் பொருளாக அறிவித்தது. மூன்றடுக்குக் கவசம் ஒன்றுக்கு 10 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்றது. சட்டம் போட்டுத் தடுக்க வேண்டிய அளவுக்குப் பதுக்கல்!

அதே நாட்களில் தையல் மெஷின் முன் உட்கார்ந்தவர்கள் யார்? சுய உதவிக் குழுப் பெண்கள், தெருத் தையற்காரர்கள், தன்னார்வத் தொண்டர்கள், ஏன், சிறைக் கைதிகளும்கூட!

மறுபக்கம் நடந்தது என்ன? தப்லீக் ஜமாஅத்தைச் சாக்காக வைத்து, நோயைப் பரப்புவதே முஸ்லிம்கள்தான் என்று விஷம் கக்கினார்கள். முஸ்லிம்களிடம் காய்கறி வாங்காதீர்கள் என்றார் உத்தரப் பிரதேச பா.ஜ.க. எம்.எல்.ஏ. சுரேஷ் திவாரி. ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, வெளிநாட்டு ஜமாஅத்தினர் பலிகடா ஆக்கப்பட்டிருக்கலாம் என்று கூறி வழக்குகளை ரத்து செய்தது.

வியாபாரப் பெருமக்களே! அவதூறைக் கண்டிக்கிறோம், சரி. ஆபத்துக் காலத்தில் நம் கல்லாப்பெட்டி எந்தப் பக்கம் நிற்கிறது? பதுக்கல் பாவம் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு, கடைக்கு வந்ததும் மறக்கலாமா?

சேந்தமங்கலத்து இளைஞர்களே! அடுத்த கொள்ளைநோய் சொல்லிக்கொண்டு வராது. எந்தத் தெருவில் யாரிடம் மெஷின் இருக்கிறது, எந்த ஜவுளிக்கடை அடக்க விலைக்குத் துணி தரும் என்று இன்றே கணக்கெடுங்கள். தைத்ததை சாதி, மதம் பாராமல் வீடு வீடாகக் கொடுங்கள். அவதூறு பேசும் வாய்க்கு அதைவிட நல்ல பூட்டு உண்டா?