சத்துணவு முட்டையும் கூண்டுக் கோழியும்

முட்டைக்காக வளர்க்கப்படும் கோழி தன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் சிறகு விரிக்க இடமில்லாமல் கழிக்கிறது. 15 அங்குல அகலமும் 12 அங்குல ஆழமும் கொண்ட கம்பிக்கூண்டில் மூன்று கோழிகள் என்பது தமிழகப் பண்ணைகளுக்குப் பழகிப்போன கணக்கு. ஒரு கோழிக்கு 60 சதுர அங்குலம், அதாவது சுமார் 387 சதுர செ.மீ. கிடைக்கும். அலுவலகங்களில் புழங்கும் ஏ4 தாளின் பரப்பு 624 சதுர செ.மீ. முட்டை உருண்டு முன்பக்கம் வர வேண்டும் என்பதற்காகக் கூண்டின் தரையும் சரிவாகவே இருக்கும். அந்தச் சரிவான கம்பியில்தான் கோழி இரவும் பகலும் நிற்கிறது.

கோழி மண்ணைக் கிளறும். புழுதியில் புரண்டு இறகைச் சுத்தம் செய்யும். இருட்டினால் உயரமான இடம் தேடி அமரும். முட்டையிட மறைவான மூலையைத் தேடும். கொல்லையில் கோழி வளர்த்த எவருக்கும் இது தெரியும். கூண்டில் இவற்றில் ஒன்றுக்கும் வழியில்லை. இதோடு இனப்பெருக்கத் தேர்வின் சுமையும் சேர்கிறது. காட்டுக்கோழி ஆண்டுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டைகளோடு நிறுத்திக்கொள்கிறது. பண்ணை லேயர் கோழி இடுவதோ 300-ஐ ஒட்டி. அத்தனை ஓடுகளுக்கும் வேண்டிய சுண்ணாம்புச்சத்தில் ஒரு பங்கு அதன் எலும்பிலிருந்தே போகிறது. நடக்கவும் இடமில்லாததால் நலிந்த எலும்பு, கூண்டிலிருந்து இழுக்கும்போதே முறிகிறது. நெரிசலில் ஒன்றையொன்று கொத்தாமலிருக்கக் குஞ்சிலேயே அலகைச் சூடான தகட்டால் வெட்டுகிறார்கள். இந்த இனத்தில் பிறக்கும் சேவல் குஞ்சு முட்டையும் இடாது, இறைச்சிக்கும் கட்டுப்படியாகாது என்பதால் பொரித்த அன்றே கொல்லப்படுகிறது.

பிராய்லர் கோழிக்குக் கூண்டு இல்லை. ஆனால் ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எட்டும்படி உருவாக்கப்பட்ட உடலை அதன் கால்களே தாங்குவதில்லை. அதன் துன்பத்தின் கடைசிக் கட்டத்தைச் சென்னைவாசிகள் அன்றாடம் பார்க்கிறார்கள். சைதாப்பேட்டையின் கறிக்கடைகளுக்கு விடியற்காலையில் லோடு வந்து இறங்குகிறது. அடுக்கிய பெட்டிகளிலிருந்து கோழிகளைக் காலைப் பிடித்து, கைக்கு நாலைந்தாக இழுக்கிறார்கள். சில்லறைக் கடைகளுக்கு இருசக்கர வாகனத்தின் இருபுறமும் தலைகீழாகத் தொங்கவிட்டு எடுத்துச் செல்வதும் உண்டு. வாடிக்கையாளர் கேட்டதும் கூண்டில் கைவிட்டு ஒன்றை எடுத்து, மற்றவை பார்த்திருக்க அறுத்து, உயிர் அடங்குமுன் டிரம்மில் போட்டு மூடுகிறார்கள்.

இதே சைதாப்பேட்டையில் மாநகராட்சியின் இறைச்சிக்கூடம் இருக்கிறது. ஆட்டை அறுக்குமுன் கால்நடை மருத்துவர் பரிசோதிக்க வேண்டும், அறுத்தபின் இறைச்சியில் முத்திரை விழ வேண்டும் என்ற நடைமுறை நகரத்துக்குப் பழக்கமானது. ஒரு விலங்கின் கண்ணெதிரே மற்றொன்றை அறுக்கக் கூடாது என்று 2001-ஆம் ஆண்டின் இறைச்சிக்கூட விதிகள் சொல்கின்றன. எண்ணிக்கையில் ஆட்டைவிடப் பல மடங்கு அறுபடும் கோழிக்கு மட்டும் இவை எட்டுவதில்லை. கோழி சிறியது, மலிவானது என்பதைத் தவிர இதற்கு வேறு காரணம் சொல்ல முடியாது.

சட்டம் இல்லாமலில்லை. 1953-இல் மாநிலங்களவையில் விலங்குவதைத் தடுப்புக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல். அந்த முயற்சியின் விளைவே 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம். அதன்கீழ் 1962-இல் அமைந்த விலங்குகள் நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. 2018-இல் ஹரியானாவுக்கு மாறும்வரை வாரியத்தின் தலைமையகம் சென்னையில்தான் இருந்தது. உடலை அசைக்கப் போதிய உயரமும் நீளமும் அகலமும் இல்லாத கூண்டில் எந்த விலங்கை அடைப்பதும் அந்தச் சட்டத்தின் 11-ஆம் பிரிவின்படி குற்றம். கோழிக்கூண்டு இந்தப் பிரிவை மீறுவது என்று வாரியமே மாநிலங்களுக்கு எழுதி, 2017-க்குள் அதைக் கைவிடச் சொன்னது. சட்ட ஆணையம் அதே 2017-இல் கோழிகளுக்கென்றே 269-ஆவது அறிக்கையை அளித்து, வரைவு விதிகளையும் இணைத்தது. மத்திய அரசு 2019-இல் வெளியிட்ட வரைவு விதிகளோ ஒரு கோழிக்கு 550 சதுர செ.மீ. போதும் என்றன. கூண்டு அப்படியே இருக்கும், கம்பி கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதான். ஐரோப்பிய ஒன்றியம் பழைய பாணிக் கூண்டுகளை 2012 ஜனவரி முதல் தடைசெய்தபோது, கூடும் பரணும் வைத்த கூண்டுக்கே 750 சதுர செ.மீ. என்று நிர்ணயித்தது. சுவிட்சர்லாந்து அதற்கும் இருபது ஆண்டு முன்பே கூண்டை ஒழித்துவிட்டது.

போக்குவரத்து விதியின் கதை வேறு விதம். வெப்பம் 25 டிகிரியைத் தாண்டினால் கோழிகளை ஏற்றிச் செல்லக் கூடாது என்கிறது அது. மே மாத விடியற்காலையிலும் 25-க்குக் கீழ் இறங்காத சென்னையில் இதை அப்படியே கடைப்பிடித்தால் பல மாதங்களுக்கு ஒரு வண்டியும் ஊருக்குள் வர முடியாது. ஒருவராலும் கடைப்பிடிக்க முடியாத விதியை ஒருவரும் மதிப்பதில்லை. இரவுப் பயணம், காற்றோட்டமுள்ள பெட்டி, பெட்டிக்கு இத்தனை கோழி, பயண நேரத்துக்கு வரம்பு என்று நடைமுறைக்கு ஒத்த கட்டுப்பாடுகளாக அதை மாற்றி, அவற்றைக் கண்டிப்புடன் செயல்படுத்துவதே கோழிக்கு நன்மை தரும்.

எதிர்வாதங்களில் ஒன்று வலுவானது. முட்டை ஏழை வீட்டுக் குழந்தைக்குக் கிடைக்கும் மலிவான புரதம்; கூண்டை ஒழித்தால் விலை ஏறும். விலை ஏறும் என்பது உண்மை. தரையில் வளர்க்க இடமும் ஆளும் தீவனமும் கூடுதலாக வேண்டும். கூட்டமாகத் திரியும் கோழிகள் கொத்திக்கொள்வதைத் தடுக்கத் தனித் திறமையும் வேண்டும். மக்காச்சோளம், சோயா விலையிலும் நாள்தோறும் மாறும் கொள்முதல் விலையிலும் அல்லாடும் நாமக்கல் பண்ணையாளரின் தலையில் மட்டும் இந்தச் செலவைக் கட்டுவது நியாயமாகாது. எவரும் தடுக்காத நிலையில் கடன் வாங்கிக் கூண்டு போட்டவர் அவர்.

அதனாலேயே கோழி நலத்துக்காகக் குரல் கொடுப்போர் முதலில் தட்ட வேண்டியது பண்ணையின் கதவை அல்ல, தலைமைச் செயலகத்தின் கதவை. 1989-இல் இரண்டு வாரத்துக்கு ஒன்றாகச் சத்துணவில் சேர்ந்த முட்டை, 2010 முதல் வாரத்துக்கு ஐந்தாகியிருக்கிறது. ஒப்பந்தப்புள்ளி கோரி அவ்வளவு முட்டையும் வாங்கும் அரசைவிடப் பெரிய வாடிக்கையாளரைத் தேடுவது கடினம். முட்டையின் எடை இவ்வளவு இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுத முடிகிற அரசால், அதை இட்ட கோழிக்கு இடம் எவ்வளவு என்றும் எழுத முடியும். முதலாண்டில் கொள்முதலில் பத்தில் ஒரு பங்கைக் கூண்டில்லாப் பண்ணைகளுக்கு ஒதுக்கி, விலை வித்தியாசத்தை அரசே ஏற்று, ஆண்டுதோறும் பங்கை உயர்த்தலாம். குழந்தையின் தட்டிலிருந்து ஒரு முட்டையும் குறைய வேண்டியதில்லை. பண்ணையாளருக்கோ விற்பனை உறுதி இருக்கும், அதைக் காட்டி வங்கிக் கடனும் பெறலாம். புதிய கூண்டுகளுக்கு ஒரு தேதியோடு தடை விதித்து, இருப்பவை தேய்ந்து தீரும்வரை அவகாசம் தரலாம்.

இந்த மண்ணின் வெயிலில் கூண்டில்லாப் பண்ணை எப்படி ஓடும், முட்டைக்கு எத்தனை காசு கூடும் என்பதை அரசே நடத்திக் காட்டவும் வேண்டும். அதற்கு முன்னுதாரணம் சைதாப்பேட்டையிலேயே உண்டு. 1865-இல் இங்கே அரசு தொடங்கிய சோதனைப் பண்ணையும் அதையொட்டி வந்த வேளாண் பள்ளியும்தான் பிறகு கோவைக்குப் போய்ப் பல்கலைக்கழகமாக வளர்ந்தன. பக்கத்து நந்தனத்தில் இருந்த கோழியின ஆராய்ச்சி நிலையம், கொல்லை வளர்ப்புக்கு ஏற்ற இனங்களை உருவாக்கி ‘நந்தனம் கோழி’ என்று அந்த ஊரின் பேரையே வைத்தது. 2019 கால்நடைக் கணக்கெடுப்பில் 12 கோடிக் கோழிகளோடு நாட்டில் முதலிடம் பெற்ற மாநிலத்தில் அறிவுக்கும் ஆய்வுக்கூடத்துக்கும் குறைவில்லை.

தண்டனையும் திருத்தப்பட வேண்டும். 1960-ஆம் ஆண்டுச் சட்டத்தில் முதல்முறை வதைக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல் 50 ரூபாய்க்குள். இதற்கு நாடாளுமன்றத்தின் திருத்தத்துக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஜல்லிக்கட்டுக்காக 2017-இல் இதே மத்தியச் சட்டத்தைத் தமிழக சட்டமன்றம் திருத்தியது. 2023-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. காளைக்காகத் திறந்த அந்த வழி கோழிக்கும் திறந்தே இருக்கிறது.

சென்னை மாநகராட்சி நாளைக்கே தொடங்கக்கூடியவையும் சில உண்டு. கறிக்கடைகளின் தொழில் உரிமத்தைப் புதுப்பிக்கும்போது மூன்று நிபந்தனைகளைச் சேர்க்கலாம்: கோழியைத் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுவரக் கூடாது, அறுக்கும் இடத்துக்கும் கோழிக்கூண்டுக்கும் நடுவே தடுப்பு வேண்டும், சிறகடிக்காதபடி பறவையைப் பிடித்துவைக்கும் தகரக் கூம்பு கடைக்கு ஒன்றாவது இருக்க வேண்டும். இதில் எந்தக் கடைக்காரரையும் நொடிக்கச் செய்யும் செலவு இல்லை. சைதாப்பேட்டை சந்தையை ஒட்டிய கடைகளில் முதலில் நடைமுறைப்படுத்தி, அடுத்த உரிம ஆண்டில் எல்லா மண்டலங்களுக்கும் விரிக்கலாம்.