‘அக்செப்ட் ஆல்’ அமுக்கினா சம்மதம்னு அர்த்தமா?

மக்களே, ஒரு கேள்வி. நேத்து ஒரு நாள்ல மட்டும் எத்தனை தடவை ‘அக்செப்ட் ஆல்’ பட்டனை அமுக்கினீங்க? எண்ணியிருக்க மாட்டீங்க. எதுக்கு அமுக்கினீங்கன்னு கேட்டா, “அதை அமுக்கினாத்தான் பக்கம் தெரியுது”ம்பீங்க. இந்தப் பதிலைத்தான் கம்பெனிக்காரங்க ‘பயனாளரின் சம்மதம்’னு கணக்குல எழுதிக்கறாங்க. நான் சொல்றேன், அது சம்மதமே இல்லை.

பி.காம் படிக்கிற நம்ம எல்லாருக்கும் பிசினஸ் லா பேப்பர் உண்டு. 1872 இந்திய ஒப்பந்தச் சட்டம், பிரிவு 13 ஞாபகம் இருக்கா? ரெண்டு தரப்பும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்துல ஒத்துக்கிட்டாத்தான் சம்மதம். பிரிவு 14, அந்தச் சம்மதம் வற்புறுத்தல், மோசடி, தப்பா எடுத்துச் சொல்றது இதெல்லாம் இல்லாம வந்திருக்கணும்னு சொல்லுது. பரீட்சையில அஞ்சு மார்க்குக்கு எழுதிட்டு வந்துடறோம். வெளிய வந்து போனைத் திறந்தா அதே பாடம் காத்துல பறக்குது. (வக்கீல் அண்ணன்கள் சண்டைக்கு வர வேண்டாம். கேஸ் போடச் சொல்லலை, ஒப்பிட்டுப் பாக்கத்தான் சொல்றேன் :-) )

மொதல்ல குக்கி மேல இருக்கற ஒரு பழியைத் துடைச்சிடறேன். குக்கின்னா வைரஸ் இல்லை. அது ஒரு சின்ன எழுத்துத் துண்டு, அதிகபட்சம் 4 கேபி அளவுதான் இருக்கும். தானா ஓடாது, எதையும் அழிக்காது. வலைத்தளம் கொடுக்குது, நம்ம பிரவுசர் வச்சுக்குது, அடுத்த தடவை போறப்போ திருப்பிக் காட்டுது. கோயில்ல செருப்பு விட்டா டோக்கன் தர்றாங்க இல்லையா, அதே கதைதான். டோக்கன் இல்லைன்னா உங்க செருப்பு எதுன்னு கடைக்காரருக்குத் தெரியாது. குக்கி இல்லைன்னா ஒவ்வொரு பக்கம் மாறும்போதும் மறுபடி லாகின் பண்ணணும். 1994ல நெட்ஸ்கேப் கம்பெனியில இருந்த லூ மாண்டுல்லிங்கறவர் இதைக் கண்டுபிடிச்சதே இந்த மறதிக்கு மருந்தாத்தான். கடையில கூடையில போட்ட பொருள் அடுத்த பக்கத்துலயும் கூடையிலேயே இருக்கணும், அவ்வளவுதான் தேவை.

அப்போ வில்லன் யாரு? மூணாம் ஆள் குக்கி. அதாவது தேர்ட் பார்ட்டி குக்கி.

ரங்கநாதன் தெருவுல நடக்கறீங்கன்னு வச்சுக்குங்க. நூறு கடை. ஒவ்வொரு கடை வாசல்லயும் ஒரே விளம்பரக் கம்பெனியோட ஆள் நிக்கறான். மொதல் கடையில உங்க கையில ஒரு நம்பர் சீட்டு கொடுக்கறான். அடுத்த கடையில அதே சீட்டைக் காட்டச் சொல்லிக் குறிச்சுக்கறான். தெருக் கோடிக்கு வர்றப்போ நீங்க எந்தக் கடையில எவ்வளவு நேரம் நின்னீங்க, எதைத் தொட்டுப் பாத்தீங்க, எல்லாம் அவன் நோட்டுல. நீங்க அவன் கடைக்குப் போகவே இல்லை! அவன் பேரும் உங்களுக்குத் தெரியாது. கடனை எப்படி அடைக்கிறதுன்னு ராத்திரி 2 மணிக்குத் தேடிப் படிக்கிறவன் கண்ணு முன்னாடியே இன்னொரு கடன் ஆப் விளம்பரம் வந்து நிக்கறதுக்கு இந்த நோட்டும் ஒரு காரணம்.

இது தெரியாம நடந்த தப்புன்னு நினைக்காதீங்க. 1997 பிப்ரவரியில வந்த குக்கிக்கான முதல் தர ஆவணம், ஆர்.எஃப்.சி 2109. எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தர் அதே மாண்டுல்லி. மூணாம் ஆள் குக்கியை பிரவுசர் தானாவே ஏத்துக்கக் கூடாதுன்னு அதுலயே இருக்கு. நெட்ஸ்கேப்பும் கேக்கலை, மைக்ரோசாஃப்டும் கேக்கலை.

அதுக்கப்புறம் நடந்ததைப் பாருங்க. ஆப்பிளோட சஃபாரி 2020 மார்ச்ல மூணாம் ஆள் குக்கியை மொத்தமா அடைச்சுது. ஃபயர்ஃபாக்ஸ் 2022ல இருந்து ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனி டப்பா வச்சிடுச்சு, ஒரு கடை சீட்டு அடுத்த கடையில செல்லாது. கூகுள் என்ன பண்ணிச்சு? 2020 ஜனவரியில “ரெண்டு வருஷத்துல குரோம்ல இதை நிறுத்திடறோம்”னாங்க. அப்புறம் 2023ன்னாங்க. அப்புறம் 2024. அப்புறம் 2025. கடைசியில 2025 ஏப்ரல்ல, இருக்கறது இருந்தபடியே இருக்கட்டும்னுட்டாங்க. உலகத்துலயே பெரிய விளம்பரக் கம்பெனிகிட்ட பிரவுசரும் இருந்தா, அந்த பிரவுசர் யாருக்கு வேலை பாக்கும்? காமர்ஸ் ஸ்டூடண்ட்டுக்கு இதை விளக்கணுமா என்ன!

இப்போ அந்த பட்டனுக்கு வருவோம். ‘அக்செப்ட்’ பெருசா, கலரா. ‘வேண்டாம்’ங்கறது சாம்பல் நிறத்துல, ரெண்டு மூணு திரை தள்ளி. இது எங்கேயோ ஒரு டிசைனர் சோம்பேறித்தனத்துல வந்தது இல்லை. 2022 ஜனவரியில பிரான்ஸ் நாட்டு தரவுப் பாதுகாப்பு அமைப்பு இதே காரணத்துக்காக கூகுளுக்கு 15 கோடி யூரோ, ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோ அபராதம் போட்டதா அறிவிச்சுது. ஒத்துக்க ஒரே கிளிக், மறுக்கப் பல கிளிக், இதான் குற்றம். அதுக்கு முன்னாடி 2019 அக்டோபர்லயே ஐரோப்பிய நீதிமன்றம், முன்கூட்டியே டிக் போட்டு வச்ச கட்டம் சம்மதம் ஆகாதுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு.

நம்ம ஊர்லயும் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் சுதந்திரமா, தெளிவா இருக்கணும், கொடுத்த அளவுக்கே சுலபமா திரும்ப எடுக்கவும் முடியணும்னு சொல்லுது. ஆனா விதிகள் வந்ததே 2025 நவம்பர்ல. சம்மதம் பத்தின பிரிவுகளுக்கு அதுல இருந்து இன்னும் 18 மாசம் அவகாசம் வேற.

“விளம்பரம் இல்லைன்னா இலவசமா எப்படிப் படிப்பே?”ன்னு ஒருத்தர் வருவார். விளம்பரத்தை யார் வேண்டாம்னது? கிரிக்கெட் பக்கத்துல பேட் விளம்பரம் போட எந்தக் குக்கியும் வேண்டாம். படிக்கிறவன் யாருன்னே தெரியாம பேப்பர்காரங்க நூறு வருஷத்துக்கு மேல விளம்பரம் போட்டுச் சம்பாதிச்சாங்க.

இன்னொருத்தர், “என்கிட்ட ஒளிக்க ஒண்ணும் இல்லை”ம்பார். நல்லது சார். விலை சொல்லாம பொருள் விக்கிற கடையில நீங்க வாங்குவீங்களா? இங்க விலை என்னன்னு ரசீது கூட கிடையாது.

மூணாவது ஆள்தான் ஆபத்தானவர். “எல்லா குக்கியையும் டெலீட் பண்ணு, எல்லாம் சரியாயிடும்.” சரியாகாது. நீங்க ‘வேண்டாம்’னு சொன்னதையும் பெரும்பாலும் ஒரு குக்கியிலதான் எழுதி வைக்கிறாங்க. அதையும் சேர்த்து அழிச்சா, நாளைக்கு மறுபடி கேப்பாங்க. அலுத்துப் போய் ‘அக்செப்ட்’ அமுக்கிடுவீங்க. லாகின் எல்லாம் போனதுதான் மிச்சம். செருப்பு டோக்கனைத் தூக்கிப் போட்டா நோட்டு வச்சிருக்கறவன் திருந்துவானா?

செய்ய வேண்டியது வேற. குரோம்ல செட்டிங்ஸ் போய், ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’யில ‘தேர்ட் பார்ட்டி குக்கீஸ்’னு இருக்கும். அதைத் தடு. ஒரு தடவை போதும். ஏதாவது ஒரு தளம் முரண்டு பிடிச்சா அதுக்கு மட்டும் விலக்கு கொடுக்கலாம். ஒரு தளத்தோட குக்கியை மட்டும் அழிக்கணும்னா முகவரிக்கு இடது பக்கம் இருக்கற சின்னக் குறியை அமுக்கினா வழி இருக்கு. லேப்லயோ பிரவுசிங் சென்டர்லயோ உக்காந்தா, ஜன்னலை மூடினா மட்டும் போதாது, லாக் அவுட் பண்ணிட்டு எழுந்திருங்க. லாகின் குக்கி உள்ளே இருந்தா அடுத்து உக்கார்றவர்தான் நீங்க.

இதோட கண்காணிப்பு ஒழிஞ்சிடும்னு சொல்ல மாட்டேன். ஆப்ல வேற வழியில பாக்கறாங்க, லாகின் பண்ணின கம்பெனிக்கு குக்கி தடுத்தாலும் நம்மளைத் தெரியும். ஆனா தெரு முழுக்க நிக்கறவன்கிட்ட சீட்டு வாங்க மாட்டேன்னு சொல்ற உரிமை நம்மகிட்ட இருக்கு. அது பட்டன்ல இல்லை, செட்டிங்ஸ்ல இருக்கு. பட்டனை அவங்க வரைஞ்சாங்க. செட்டிங்ஸை மாத்தறது நாம.

ரெண்டு நிமிஷ வேலை. செஞ்சுட்டு அடுத்த வேலையைப் பாருங்க.